மாமரத்தடியில் பெரிய நீள்கொம்பு வண்டு: எந்த இனம்? மரத்தில் இருக்கும் துளைகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

தாழ்வாரம்

அனைவருக்கும் வணக்கம். நேற்று இரவு மழை விட்டதும் வாசல் விளக்குக்கு ஒரு பெரிய வண்டு வந்தது. ஸ்கேல் வைத்து அளந்ததில் தலையிலிருந்து பின்முனை வரை 48 மில்லிமீட்டர். சாம்பல் கலந்த பழுப்பு உடல், தலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு புள்ளிகள். உணர்கொம்புகளைப் பின்பக்கமாக வளைத்துப் பார்த்தால் உடலின் நீளத்துக்கு ஏறக்குறைய சமமாக இருக்கின்றன. கையில் எடுத்தவுடன் கீச் கீச்சென்று சத்தமிட்டது. ஒரு வண்டு இப்படிக் குரல் கொடுக்கும் என்று எனக்குத் தெரியாது.

கேட்க இன்னொரு காரணமும் உண்டு. வீட்டை ஒட்டி ஒரு பழைய மாமரம் நிற்கிறது. அதன் ஒரு பெரிய கிளை இந்த ஆண்டு இலை உதிர்ந்து காய்ந்துவிட்டது. அடிமரத்தில் துளைகள், அவற்றின் கீழே மரத்தூள். இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா? வண்டை மூடியில் துளையிட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். விட்டுவிடலாமா, கூடாதா?

பட்டைக்குள்ளே

வணக்கம். அளவு, உணர்கொம்பு, சத்தம், மரம் என எல்லாவற்றையும் குறிப்பிட்டது நல்லது. பெரும்பாலும் ஒரே ஒரு மங்கலான படத்தை மட்டும் போட்டு "இது என்ன?" என்றுதான் கேட்பார்கள்.

இனத்தின் பெயருக்குப் போகுமுன் சில படங்கள் தேவை.

முகம், பக்கவாட்டில். நெற்றி செங்குத்தாகக் கீழே இறங்குகிறதா, முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். முன்மார்பு (தலைக்கு அடுத்துள்ள பகுதி), மேலிருந்து. இரு பக்கமும் முள் இருக்கிறதா, ஓரம் கத்தி விளிம்புபோல் கூராக இருக்கிறதா? முன்னிறக்கைகள் (முதுகை மூடும் கெட்டி இறக்கைகள்) மார்போடு சேரும் இடம், முடிந்த அளவு அருகில். பிறகு உடலின் பக்கவாட்டு முழுவதும், கண்ணிலிருந்து வயிற்று முனை வரை.

இவ்வளவும் ஏன் என்றால், நீள்கொம்பு வண்டுக் குடும்பமான செராம்பைசிடேயில் 35,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. நிறத்தை வைத்து நேராக இனத்துக்குத் தாவினால் வழி தவறிவிடும். முதலில் துணைக்குடும்பம், அப்புறம் பேரினம், கடைசியில்தான் இனம்.

ஈரமண்

ஆரஞ்சுப் புள்ளிகள் என்றால் பட்டோசெரா ரூபஸ் ஆக இருக்கலாமே? நான் பார்த்த ரூபஸ் வண்டுக்கும் முன்மார்பில் இப்படித்தான் இரண்டு புள்ளிகள் இருந்தன.

கருவேலங்காடு

எங்கள் பக்கம் கருவேல மரத்தில் செலோஸ்டெர்னா ஸ்காப்ரேட்டர் நிறைய வரும். அதுவும் பெரியது, சாம்பல் கலந்த மஞ்சள் நிறம், முன்னிறக்கை முழுக்கக் கறுப்பாகச் சொரசொரப்பு. இளங்கிளைகளின் பட்டையை வட்ட வட்டமாகக் கடித்திருக்கும், புழு தண்டிலும் வேரிலும் குடைந்திருக்கும். விளக்குக்கு வந்தது என்பதால் இது மாமரத்து வண்டுதான் என்று முடிவுகட்ட வேண்டாம். பக்கத்தில் வேறு என்ன மரங்கள் இருக்கின்றன?

தாழ்வாரம்

ஆறு படங்கள் இணைத்திருக்கிறேன். பக்கத்தில் கருவேலம் இல்லை. ஒரு பலாவும், வேலிக்கு அப்பால் பெரிய அத்தி ஒன்றும் உண்டு.

நான் பார்த்தவரை: முகம் செங்குத்து. முன்மார்பின் இருபுறமும் தடித்த முள். முன்னிறக்கையின் தொடக்கத்தில் பளபளக்கும் கறுப்பு மணிகள் போன்ற புடைப்புகள் நெருக்கமாக இருக்கின்றன, பின்னால் போகப்போக இல்லை. பக்கவாட்டில் கண்ணுக்குப் பின்னாலிருந்து வயிற்று முனை வரை ஒரு வெள்ளைப் பட்டை. முன்னிறக்கையில் மஞ்சள் கலந்த ஆரஞ்சுப் புள்ளிகள் சில, ஒரு வரிசையாக இல்லாமல் சிதறிக் கிடக்கின்றன.

பட்டைக்குள்ளே

அருமையான படங்கள். இனி வரிசையாகப் போகலாம்.

கண்ணைப் பாருங்கள். பிறை வடிவில் வளைந்து உணர்கொம்பின் அடியைச் சுற்றி நிற்கிறது. இந்தக் குடும்பத்தில் மிகப் பரவலாகக் காணும் அமைப்பு இது. பாதத்தில் நான்கு கணுக்கள் மட்டும் இருப்பதுபோல் தெரியும், உண்மையில் ஐந்து. நான்காவது மிகச் சிறியதாகி மூன்றாவதின் இரு மடல்களுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. இலைவண்டுகளுக்கும் இதே பாதம்தான் என்பதால் பாதத்தை மட்டும் நம்பக்கூடாது. கண்ணையும் உணர்கொம்பு முளைக்கும் இடத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முகம் செங்குத்தாக இறங்குவது லாமியினே துணைக்குடும்பத்தின் அடையாளம். உணர்வுறுப்பின் கடைசிக் கணு, அதாவது வாயருகே இருக்கும் சிறு இழைகளின் நுனி, லாமியினேயில் கூராக முடியும். செராம்பைசினே என்ற வேறொரு துணைக்குடும்பத்தில் நுனி மழுங்கியோ வெட்டியதுபோலவோ இருக்கும், தலையும் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். முன்மார்பின் ஓரம் கத்தி விளிம்பாக, பெரும்பாலும் பற்களோடு இருந்தால் பிரியோனினே. உங்கள் நான்காவது படத்தில் முன்காலின் உட்புறம் ஒரு சாய்வான பள்ளம் தெரிகிறது பாருங்கள். லாமியினே வண்டுகள் உணர்கொம்பை அதில் இழுத்துத் துடைத்துக்கொள்ளும்.

அடுத்தது பேரினம். மார்பில் முள், தோள்முனையில் சிறு கூர், முன்னிறக்கையின் அடியில் கறுப்புப் புடைப்புகள், உடலோரமாக வெள்ளைப் பட்டை. இவ்வளவும் சேர்ந்தால் பட்டோசெரா.

ஈரமண் கேட்டது நியாயமான கேள்வி. முன்மார்பின் இரண்டு புள்ளிகள் ரூபஸுக்கும் உண்டு, அதனால் அவற்றை வைத்துப் பிரிக்க முடியாது. முன்னிறக்கைப் புள்ளிகளைத்தான் பார்க்க வேண்டும். ரூபஸில் அவை வெண்மையாக, ஒவ்வொரு இறக்கையிலும் ஒரே வரிசையில் நிற்கும். இங்கே மஞ்சள் கலந்த ஆரஞ்சு, ஒழுங்கில்லாத சிதறல். செலோஸ்டெர்னாவுக்கு மார்பில் இந்த இரு புள்ளிகளே கிடையாது, அதன் சொரசொரப்பும் இறக்கை முழுக்கப் பரவியிருக்கும்.

ஆக, இது பட்டோசெரா ரூஃபோமாகுலேட்டா. வேளாண்மைக் கையேடுகளில் மா தண்டுத் துளைப்பான் என்று வருவது இதுவே. ஸ்வீடனைச் சேர்ந்த டி கீர் 1775-இல் இதை விவரித்தார். ரூபஸ் அதற்கு முன்பே, 1758-இல், லின்னேயஸ் கையால் பெயர் பெற்றுவிட்டது.

உணர்கொம்பு உடலுக்குச் சமமாகவே இருப்பதால் இது பெண். ஆணுக்கு உணர்கொம்பு பின்முனையைத் தெளிவாகத் தாண்டிப் போகும், தடித்து, அடிப்பக்கத்தில் சிறு முட்களோடு இருக்கும்.

ஈரமண்

விளக்கத்துக்கு நன்றி. ஒரு சந்தேகம். வயதான வண்டில் புள்ளிகள் தேய்ந்து போயிருந்தால் எப்படிப் பிரிப்பது? என்னிடம் உள்ள பழைய படத்தில் புள்ளிகளே சரியாகத் தெரியவில்லை.

பட்டைக்குள்ளே

முக்கியமான கேள்வி. அந்தப் புள்ளிகளும் வெள்ளைப் பட்டையும் உடலின் ஓட்டில் பதிந்த நிறம் அல்ல, நுண்மயிர்ப் படலம். மரப்பட்டையில் உரசி உரசி உதிர்ந்துவிடும். இறந்த வண்டில் ஆரஞ்சு வெளுத்து மஞ்சளாகும். கறுப்புப் புடைப்பு, மார்பு முள், முக அமைப்பு இவை மாறுவதில்லை. அதனால்தான் நிறத்தைக் கடைசியில் பார்க்கச் சொல்கிறேன். உங்கள் படத்தில் புள்ளிகள் முழுக்க உதிர்ந்திருந்தால் "பட்டோசெரா" என்ற அளவில் நிறுத்துங்கள். பேரினத்தோடு நிற்கும் ஒரு சரியான பதிவு, ஊகித்துப் போட்ட இனப்பெயரைவிட எவ்வளவோ மேல்.

தாழ்வாரம்

மிக்க நன்றி ஐயா. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? வாயிலிருந்து வருவதுபோல் தெரியவில்லை, தலையை மேலும் கீழும் ஆட்டுகிறது.

பட்டைக்குள்ளே

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். முன்மார்பின் பின்விளிம்புக்கு அடியில் கூரான ஓரம் ஒன்று உண்டு. அதற்குக் கீழே நடுமார்பின் மேற்பரப்பில் மிக நுண்ணிய வரிகள், அரம் போல. தலையையும் முன்மார்பையும் ஆட்டும்போது இரண்டும் உரசுகின்றன, கீச்சொலி வருகிறது. பிடிபட்டால் எழுப்பும் எதிர்ப்பொலி இது. பறவையின் அலகில் சிக்கும்போதும் இதே சத்தம்தான் போடும்.

மாந்தோப்பு

சத்தத்தை ரசிக்கும் நிலையில் நாங்கள் இல்லை. பெண் வண்டு என்று தெரிந்துவிட்டது, மாமரம் பக்கத்திலேயே நிற்கிறது. இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு பெண் ஏறத்தாழ 200 முட்டை வரை இடும் என்கிறார்கள். ஒரு மரம் காய்ப்புக்கு வர எத்தனை ஆண்டு ஆகிறது, அதைக் குடைந்து சாய்க்க ஒரு சில புழு போதும். தோப்பில் எங்கள் தாத்தா காலத்து மரங்கள் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போயின. நீள்கொம்பு வண்டு எதைக் கண்டாலும் நசுக்கிவிடுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

மரங்கொத்தி

மாந்தோப்பு அண்ணா, உங்கள் மரங்கள் போன வேதனை புரிகிறது. ஆனால் "எதைக் கண்டாலும்" என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. நீள்கொம்பு வண்டுகளில் மிகப் பெரும்பாலானவை செத்த மரத்திலும் காய்ந்த கிளையிலும் வளர்பவை. காட்டில் விழுந்த மரம் மண்ணாக மாறுவதில் முதல் வேலை இவற்றின் புழுக்களுடையது. அவை குடைந்த வழியாகத்தான் பூஞ்சையும் ஈரமும் உள்ளே போகின்றன. தோப்பு ஓரத்தில் விளக்குக்கு வரும் பல இனங்கள் உங்கள் மாமரத்தைத் தொடுவதே இல்லை.

ரூஃபோமாகுலேட்டாவே இந்த நிலத்தின் வண்டுதான். தெற்காசியா, தென்கிழக்காசியா முழுவதும் காட்டு அத்திகளில் இருந்து வந்திருக்கிறது. நாம் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான மாமரங்களை நட்ட பிறகுதான் இதற்குத் தீங்குப்பூச்சி என்று பட்டம் கட்டினோம்.

மாந்தோப்பு

காட்டில் அது எப்படி இருந்தாலும் இருக்கட்டும் தம்பி, நான் சொல்வது தோப்பை. இஸ்ரேலுக்குள் இந்த வண்டு புகுந்தபின் அத்தித் தோப்புகள் என்ன பாடுபட்டன என்று தேடிப் படியுங்கள். மொரிஷியஸ், மடகாஸ்கர், போர்ட்டோ ரிக்கோ என்று எங்கெல்லாம் போயிருக்கிறது!

மரங்கொத்தி

அங்கே போய்ச் சேர்ந்தது மனிதர்களின் சரக்கோடு. அதை நான் மறுக்கவில்லை, வெளியிடத்தில் புகுந்த வண்டைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். ஆசிய நீள்கொம்பு வண்டு, அதாவது அனோப்லோஃபோரா க்ளாப்ரிபென்னிஸ், 1996-இல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்டபின் எத்தனை ஆயிரம் மரங்களை வெட்ட வேண்டியிருந்தது! சரக்குப் பெட்டி மரங்களின் உள்பகுதி குறைந்தது 30 நிமிடம் 56 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும் என்ற பன்னாட்டு விதி 2002-இல் வந்ததற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். நான் கேட்பது ஒன்றுதான்: கொல்லுமுன் இனம் என்னவென்று பாருங்கள்.

பட்டைக்குள்ளே

இருவர் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணாக எனக்குத் தெரியவில்லை. மாமரத்துக்குப் பத்தடி தள்ளி முட்டையிடத் தயாராக நிற்கும் ரூஃபோமாகுலேட்டா பெண்ணை நான் விடமாட்டேன். அதே வண்டைக் காட்டில் அத்தி மரத்தில் பார்த்தால் தொடமாட்டேன். தோப்பில் வேறொரு நீள்கொம்பனைப் பார்த்தால் படம் எடுத்துவிட்டு விட்டுவிடுவேன்.

இந்த வண்டின் வாழ்க்கையைச் சொன்னால் மரத்தில் என்ன தேட வேண்டும் என்பதும் விளங்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வளர்ந்த வண்டு வெளியே வருவது மழைக்காலத் தொடக்கத்தில். வந்தவுடன் பெண் முட்டையிடாது. இளங்கிளைகளின் பச்சைப் பட்டையைக் கடித்துத் தின்று சில காலம் கழித்தபிறகுதான் சூலகம் முதிரும். நடமாட்டம் இரவில்தான். முட்டையிடும் நேரம் வந்ததும் அடிமரத்திலோ பெருங்கிளையிலோ பட்டையைத் தாடையால் கீறி, திரும்பி நின்று, அந்தக் கீறலுக்குள் ஒரே ஒரு முட்டையைச் செருகும். பிறகு அடுத்த கீறல். காயம்பட்ட மரம், நீரின்றி வாடிய மரம், வயதான மரம் இவற்றைத்தான் அதிகம் நாடும்.

ஒன்றிரண்டு வாரத்தில் வெளிவரும் புழு முதலில் பட்டைக்கு அடியிலேயே தின்கிறது. மரத்துக்கு உண்மையான ஆபத்து இந்தக் கட்டத்தில். உணவு கீழே இறங்கும் பாதை பட்டையின் உட்புறத்தில்தான் ஓடுகிறது. புழு அதைக் கிளையைச் சுற்றி அறுத்துவிட்டால் அந்தக் கிளை காயும். வளர வளரக் கட்டைக்குள் இறங்கும். முழு வளர்ச்சியில் 10 சென்டிமீட்டர் வரை நீளும், தந்த நிறம், கரும்பழுப்புத் தலை, கால்களே கிடையாது. உடல் கண்டங்களின் மேலும் கீழும் உள்ள சதைப்புடைப்புகளைச் சுரங்கச் சுவரில் ஊன்றி நகரும். கட்டைக்குள்ளேயே ஓர் அறை செய்து கூட்டுப்புழுவாகி, வண்டான பிறகும் மழை வரும்வரை உள்ளேயே காத்திருந்து, வட்டத் துளையிட்டு வெளியே வரும். இந்தச் சுற்று பெரும்பாலும் ஓர் ஆண்டு. ஆக, நாம் விளக்கில் பார்க்கும் வண்டு அதன் ஆயுளின் கடைசிச் சில மாதங்களில் இருக்கிறது. மீதி எல்லாம் இருட்டில், கட்டைக்குள்.

வெறும் கட்டையைத் தின்று எப்படி இவ்வளவு பெரிதாகிறது என்று நான் வியந்ததுண்டு. மரங்கொத்தி குறிப்பிட்ட ஆசிய நீள்கொம்பு வண்டின் மரபணுத்தொகுதி 2016-இல் வெளியானது. செடியின் செல்சுவரை உடைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் அதில் ஏராளம். அவற்றில் சில, பாக்டீரியாவிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த வண்டுகளின் மூதாதைகளுக்குத் தாவியவை. கூடவே குடலில் வாழும் நுண்ணுயிரிகளும் உதவுகின்றன. இந்த உறவைப் பற்றி ஒரு தனி இழையே தொடங்கலாம்.

தாழ்வாரம்

படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருக்கிறது. இன்று பகலில் மரத்தைச் சுற்றிவந்து பார்த்தேன். இரண்டு விதத் துளைகள் இருக்கின்றன. ஒன்று, கிளைகள் பிரியும் கவட்டில். அங்கே பட்டை மேல் பட்டு நூலும் மரத்தூளும் கலந்த நாடா மாதிரி ஒரு மூடி ஓடுகிறது. மற்றொன்று அடிமரத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில். அங்கே நூல் எதுவும் இல்லை. கரடுமுரடான நார் கலந்த தூளும், பழுப்பு நிறச் சாறும் வழிகிறது.

பட்டைக்குள்ளே

முதலாவது நம் வண்டு அல்ல. பட்டை தின்னும் கம்பளிப்புழு, இண்டர்பெலா என்ற அந்துப்பூச்சியின் புழு. பட்டு நூலில் மரத்தூளைக் கோத்து அந்த மூடியைக் கட்டி, அதற்கடியில் இரவில் பட்டையைச் சுரண்டித் தின்னும். பகலில் கவட்டுத் துளைக்குள் பதுங்கிவிடும்.

இரண்டாவதுதான் பட்டோசெரா. நார் நாரான கரடுத் தூள், சாறு வழிதல், நூல் இல்லாமை மூன்றும் பொருந்துகின்றன. தூள் புதிதாகவும் ஈரமாகவும் இருந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக, தூளே இல்லாமல் ஒரு துளை இருந்தால் அது வண்டு வெளியேறிய வழி, அதற்குள் மருந்து வைத்துப் பயனில்லை. பலர் இந்தப் பழைய துளைகளை அடைப்பதிலேயே நேரத்தைச் செலவழிக்கிறார்கள்.

முந்திரிக்காட்டான்

இடையில் ஒரு கேள்வி, இழை திசைமாறினால் மன்னிக்கவும். செத்த முந்திரி மரத்தின் அடியைப் பிளந்தபோது சுண்ணாம்பு ஓடு போல வெள்ளையாக, முட்டை வடிவில் கெட்டியான கூடுகள் கிடைத்தன. ஒன்றை உடைத்தால் உள்ளே செம்பழுப்பு நிற நீள்கொம்பு வண்டு. இதுவும் அதே வகையா?

பட்டைக்குள்ளே

இல்லை, அது முந்திரித் தண்டு வேர்த் துளைப்பான், ப்ளோகேடெரஸ் ஃபெருஜினியஸ். இப்போது நியோப்ளோகேடெரஸ் என்ற பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். அது செராம்பைசினே துணைக்குடும்பம், முகத்தைப் பாருங்கள், முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தக் கூடு உண்மையிலேயே சுண்ணாம்புச் சத்தால் ஆனது. கூட்டுப்புழுவாகுமுன் புழு அதைத் தானே உருவாக்குகிறது. பட்டோசெராவுக்கு அப்படி ஓடு கிடையாது. வண்டு கைக்கு அகப்படாவிட்டாலும் அந்தக் கூடு ஒன்றே முந்திரியில் போதுமான சான்று. படங்களோடு தனி இழை போடுங்கள், பலருக்குப் பயன்படும்.

கருவேலங்காடு

நானும் ஒரு படம் சேர்க்கிறேன். வாகை மரத்தில் பிடித்தது. பழுப்பு உடல், ஒவ்வொரு முன்னிறக்கையிலும் பச்சை மினுக்கும் நீளக்கோடு.

பட்டைக்குள்ளே

சைஸ்ட்ரோசெரா குளோபோசா. வாகை இனங்களின் வண்டு. மாமரக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை.

மாந்தோப்பு

சரி, இந்த இழையைப் படித்தபின் விளக்கில் விழுவதையெல்லாம் நசுக்கச் சொல்லும் பழக்கத்தைத் தோப்பு ஆட்களிடம் மாற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மார்பில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளி, ஓரத்தில் வெள்ளைப் பட்டை, தோளில் கறுப்பு மணி. இந்த மூன்றும் இருந்தால் மட்டும் பிடிக்கச் சொல்கிறேன்.

தாழ்வாரம் அம்மாவுக்கு: ஈரத்தூள் வரும் துளையை முதலில் சுத்தம் செய்யுங்கள். சைக்கிள் கம்பி ஒன்றின் நுனியைக் கொக்கிபோல வளைத்து, சுரங்கம் போகும் வளைவுக்கு ஏற்ப மெதுவாகச் செலுத்துங்கள். புழுவில் பட்டால் கைக்கே தெரியும், நுனியில் வெள்ளையாக ஈரம் ஒட்டி வரும். பிறகு களிமண்ணால் அடைத்துவிட்டு, சில நாள் கழித்துப் பாருங்கள். மண்ணைத் தள்ளிக்கொண்டு புதுத்தூள் வந்தால் இன்னொரு புழு இருக்கிறது. பஞ்சில் பெட்ரோல் நனைத்து அடைப்பதும் பழைய முறை, ஆனால் வீட்டை ஒட்டிய மரத்தில் நெருப்புப் பயம் உண்டு, வேண்டாம்.

மரங்கொத்தி

மரங்கொத்திகள் வந்து தட்டும் மரமென்றால் அவற்றை விரட்டாதீர்கள். பட்டைக்கடியில் இருக்கும் இளம்புழுக்களை நம்மைவிட அவை நன்றாகத் தேடி எடுக்கும். மெட்டாரைசியம், பியூவேரியா பூஞ்சைகளும் இந்தப் புழுக்களைத் தாக்கக்கூடியவை.

தாழ்வாரம்

எல்லோருக்கும் நன்றி. கம்பி விட்டதில் ஒரு துளையிலிருந்து பெரிய புழு வந்தது, தந்த நிறம், கால்கள் இல்லை, சொன்னது போலவே. மற்றத் துளைகளில் எதுவும் தட்டுப்படவில்லை, மண் வைத்து அடைத்திருக்கிறேன். டப்பாவில் இருந்த பெண் வண்டை விடவில்லை. பக்கத்துக் கல்லூரியில் விலங்கியல் பிரிவு சேகரிப்புக்குக் கேட்டார்கள், பிடித்த தேதியும் மரத்தின் பெயரும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

காய்ந்த கிளையை நாளை வெட்டுகிறார்கள். விறகாக அடுக்கிவைக்கலாமா?

பட்டைக்குள்ளே

மரத்தின் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுத்தது மிக நல்லது. அவை இல்லாத மாதிரியால் ஆராய்ச்சிக்குப் பெரிய பயன் இல்லை.

விறகாக அப்படியே அடுக்க வேண்டாம். கிளை காய்ந்துவிட்டாலும் உள்ளே முதிர்ந்த புழுவோ கூட்டுப்புழுவோ இருந்தால் வெட்டிய கட்டைக்குள்ளேயே வளர்ச்சியை முடித்து வெளியே வரும். உடனே பிளந்துவிடுங்கள். பிளக்கும்போது கட்டைக்குள் அறை அகப்பட்டால், உடைக்குமுன் அதன் நீளத்தையும் பட்டையிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும் அளந்து படம் எடுங்கள். வெட்டிய இடத்தைச் சாய்வாகச் சீவிவிட்டால் மழைநீர் தேங்காது.

தாழ்வாரம்

சரி ஐயா, பிளந்ததும் படங்களை இங்கேயே போடுகிறேன்.